நீலப் படத்தில் இருந்த அக்கா

காமயகவுண்டன்பட்டி
9 நவம்பர் 2025, ஞாயிறு

அன்புள்ள அக்கா,

நலம், நலமறிய ஆவல் என்றுதான் தொடங்க நினைத்தேன். தீபாவளி கழிந்து நீ அனுப்பிய படம் வந்ததிலிருந்து, நீ நலமாக இருக்கிறாய் என்பதை இந்த வீட்டில் யாரும் நம்பவில்லை.

செவ்வாய்க்கிழமை தபால்காரரிடமிருந்து உறையை வாங்கியது அப்பா. அம்மா பெயர் எழுதியிருந்ததால் பிரிக்காமல் அம்மா மடியில் போட்டுவிட்டு மோட்டார் போடப் போய்விட்டார். அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஆசையாகத்தான் பிரித்தாள். பிறகு படத்தைத் தூரமாகப் பிடித்தாள். பிறகு பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பக்கத்து வீட்டு மூக்கம்மாள் பெரியம்மாதான் எட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லிவிட்டது.

"ஏத்தா, என்னாத்துக்கு இவ இப்பிடி இருக்கா? வைகை அணையில மூணு நாளு கெடந்து மெதந்தவ மாதிரில்ல இருக்கு."

"வாயக் கழுவுக்கா," என்றாள் அம்மா. ஆனால் அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை.

கடலுக்குள் எடுத்த அந்தப் படத்தை நான் பலமுறை பார்த்தேன். பெரியம்மா சொன்னதில் தப்பில்லை. உன் முகம் முழுக்க நீலப்பச்சை. உதடு கருநீலம். நீச்சல் கண்ணாடிக்குள் கண்கள் பெரிதாகத் தெரிகின்றன, கூந்தல் எட்டுத் திசையிலும் விரிந்திருக்கிறது. நீ சிரித்துக்கொண்டிருக்கிறாய் என்பதையே நான் மூன்றாவது முறை பார்த்தபோதுதான் கண்டுபிடித்தேன்.

பள்ளி நூலகத்தில் ஒரு புத்தகத்தில் இதற்குக் காரணம் படித்தேன். வெளிச்சத்தில் இருக்கும் நிறங்களில் தண்ணீர் முதலில் சிவப்பைத்தான் விழுங்குகிறது. ஐந்தாறு மீட்டர் ஆழம் போனாலே சிவப்பு பெரும்பாலும் போய்விடும், நீலமும் பச்சையும்தான் மிஞ்சும். இதை அம்மாவிடம் பொறுமையாக விளக்கினேன். அம்மா சொன்னாள், "நீ சும்மா கெட. செவப்புப் போயிருச்சுன்னா ரத்தம் போயிருச்சுன்னுதான அர்த்தம்?"

அப்பா படத்தை ஒரே ஒரு தடவை பார்த்தார். காலண்டருக்குப் பின்னால் கவிழ்த்துச் செருகினார். "பொங்கல் கழியட்டும். நானே போயிக் கூட்டியாந்துர்றேன்" என்றார். சத்தம் போடவில்லை. நீ போன நாளில் போட்ட சத்தத்தைவிட இது எனக்குப் பயமாக இருக்கிறது.

அதனால் அந்தப் படத்தின் மூலப் பிரதியை ஒரு மெமரி கார்டில் போட்டு அனுப்பு. வேறு இரண்டு படங்களும் சேர்த்து. என் போன் பரீட்சை முடியும்வரை அம்மாவின் பீரோவில் பூட்டிக் கிடக்கிறது. ஆனால் முத்துலட்சுமி மிஸ் சனிக்கிழமை காலையில் கம்ப்யூட்டர் லேபைத் திறந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். அங்கே படம் திருத்தும் இலவச மென்பொருள் ஒன்று இருக்கிறது. போன சிவப்பை அதில் திரும்பக் கொண்டுவந்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

அப்பா உன்னைப் போனில் கூப்பிடக் கூடாது என்றுதான் சொன்னார். கடிதத்தைத் தடுக்கவில்லை. நீ எழுதினால் பிரிக்காமல் என் புத்தகத்தின் மேல் வைத்துவிடுவார்.

எத்தனையோ படம் இருந்திருக்கும். போயும் போயும் ஏன் இதை அனுப்பினாய்?

உன் தங்கை,
மகாலட்சுமி


ஹேவ்லாக் தீவு, அந்தமான்
20 நவம்பர் 2025

மகா,

மூச்சுக்குழல் வைத்துக்கொண்டு சுற்றுலா வந்தவர்களோடு மேலே மிதக்கும் வேலைதான் எனக்கு என்று நீங்கள் எல்லோரும் நினைக்கிறீர்கள். அந்தப் படம் ஒரே மூச்சில் ஆறு மீட்டர் கீழே போனபோது எடுத்தது. முதல் தடவை. என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. அதைப் பிணம் என்று சொல்லியிருக்கிறீர்கள். நல்லது.

எனக்கு அது நீலமாகவே தெரியவில்லை. கடலுக்குள் போய்ப் பத்து நிமிடம் இருந்தால் கண் பழகிவிடும். தினமும் இருப்பவளுக்குப் படத்தைப் பார்த்தாலும் அப்படித்தான். இதெல்லாம் உன் புத்தகத்தில் இருக்கிறதா, தெரியவில்லை.

கார்டு இதனுடன் இருக்கிறது. மூன்று படம். உறைக்குள் செலோடேப் போட்டு ஒட்டியிருக்கிறேன், பார்த்துப் பிரி.

இப்போது முக்கியமானதைச் சொல்கிறேன். ஜனவரி 31-ம் தேதியோடு என் ஆறு மாத சோதனைக் காலம் முடிகிறது. அதன் பிறகுதான் என்னை நிரந்தர வழிகாட்டியாக வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா என்று முதலாளி முடிவு செய்வார். எங்கள் படகில் பெண் வழிகாட்டி நான் ஒருத்திதான். எனக்கு முன்னால் ஒருத்தி இருந்தாளாம். அவள் வீட்டார் வந்து படகுத்துறையில், வாடிக்கையாளர்கள் பார்க்க, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்களாம். அதிலிருந்து முதலாளிக்குப் பெண்கள் என்றாலே யோசனை. அப்பா இங்கே வந்து அதே மாதிரி செய்தால் என் கதை அன்றோடு முடிந்தது. அங்கே வந்து வங்கிப் பரீட்சைக்குத்தான் படிக்க வேண்டும்.

கிணற்றுக்குள் என்னைத் தள்ளிவிட்டு நீச்சல் பழக்கியவரே அவர்தான். அதை யாராவது அவரிடம் ஞாபகப்படுத்தினால் தேவலை.

அப்பாவை வரவிடாதே. படத்தை என்ன செய்வாயோ செய். எனக்கு இதுவரை ஒரு கீறல்கூடப் பட்டதில்லை என்று அம்மாவிடம் சொல்.

ஜோதி


காமயகவுண்டன்பட்டி
1 டிசம்பர் 2025

அன்புள்ள அக்கா,

கார்டு வெள்ளிக்கிழமை பத்திரமாக வந்தது. நான் உதவி செய்யப் போய் நிலைமையை மோசமாக்கிவிட்டேன். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

சனிக்கிழமை ஒன்பதரை மணிக்கு லேபுக்குப் போனேன். முதலில் மென்பொருளில் உள்ள 'ஆட்டோ' பொத்தானை அழுத்தினேன். கடல் சிமெண்டு கரைத்த தண்ணீர் மாதிரி ஆனது, நீ அதற்குள் நிற்கும் சிலை மாதிரி ஆனாய். அதை ரத்து செய்தேன். பிறகு சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனியாக வரைபடம் காட்டும் பகுதியைத் திறந்தேன். பச்சையும் நீலமும் நன்றாகப் பரந்திருந்தன. சிவப்பு மட்டும் இடது மூலையில் ஒரு சின்னக் குன்றாக ஒடுங்கிக் கிடந்தது. அதன் வலது முனையை இழுத்துக்கொண்டு வந்தால் சிவப்பு பரவுகிறது. கொஞ்சம் இழுத்ததும் உன் முகத்தில் உயிர் வந்தது.

ஆனால் எங்கே நிறுத்துவது? இதுதான் என் கஷ்டம். இழுக்க இழுக்கச் சிவப்பு வந்துகொண்டே இருக்கிறது. சரியான இடம் இதுதான் என்று எந்தக் கோடும் போட்டிருக்கவில்லை. முன்னால் இருக்கும் நீ சரியானால் பின்னால் இருக்கும் கடல் கத்தரிக்காய் நிறம் ஆகிறது.

அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. வீரபாண்டித் திருவிழாவில் ராட்டினத்தடியில் நாம் எடுத்த படம் என் கணக்கு நோட்டில் இருக்கிறது. அதை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, அதில் உன் கன்னம் என்ன நிறமோ அந்த நிறம் வரும்வரை இழுத்தேன். இரண்டு மணி நேரம் ஆனது. மிஸ் வந்து பார்த்துவிட்டு "அட, அழகா இருக்காளே" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கம்பத்தில் இறங்கி ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

மூக்கம்மாள் பெரியம்மாதான் முதலில் பார்த்தது.

"ஆத்தாடி, சோப்பு வெளம்பரத்துக்கா போயிருக்கா?"

அம்மா வாங்கிப் பார்த்தாள். சிரிப்பாள் என்று காத்திருந்தேன். "மொகம் ஜோதி மொகந்தான். ஆனா இது ஜோதி இல்ல" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அப்பா காலண்டருக்குப் பின்னாலிருந்து பழைய படத்தை உருவினார். இரண்டையும் கட்டில்மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"ஒண்ணுல செத்தவ மாதிரி இருக்கா. ஒண்ணுல கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கா. எது நெசம்?"

"நான்தாம்ப்பா நிறத்தைத் திருத்துனேன்."

"ஒன்னையத் திருத்தச் சொன்னது யாரு? அவதான? நல்லா இருக்கிறவ எதுக்குப் பூசி மெழுகுறா? எதையோ மறைக்கிறா."

மறுநாள் கம்பம் போனவர், டிராவல்ஸில் விமான டிக்கெட் போட்டுவிட்டு வந்தார். ஜனவரி 24-ம் தேதி சென்னையிலிருந்து புறப்படுகிறார். 25-ம் தேதி கப்பலில் உன் தீவுக்கு வந்துவிடுவார்.

எனக்கு அழுகையாக வருகிறது. நான் எல்லாவற்றையும் கவனமாகத்தான் செய்தேன். எங்கே தப்பு என்று தெரியவில்லை. அந்தப் பிரிண்டை இந்த உறையில் வைத்திருக்கிறேன். நீயே பார்த்துச் சொல்.

மகாலட்சுமி


ஹேவ்லாக்
10 டிசம்பர் 2025

மகா,

பார்த்தேன். யார் இவள்?

அந்தத் திருவிழாப் படம் எடுத்து இரண்டரை வருடம் ஆகிறது. அன்றைக்குக் கல்லூரிக்குக் குடை பிடித்துக்கொண்டு போனவள் நான். டியூப்லைட் வெளிச்சத்தில், முகம் முழுக்கப் பவுடரோடு நிற்கிறேன். அதை வைத்துக்கொண்டு என் நிறத்தை அளந்திருக்கிறாய். இங்கே காலை எட்டு மணியிலிருந்து நாலு மணிவரை வெயிலிலும் உப்புத் தண்ணீரிலும் கிடக்கிறேன். நான் இப்போது கருப்பு. மூக்குத் தோல் உரிந்து உரிந்து வருகிறது. உதடு வெடித்திருக்கிறது. அது எனக்கு ஒன்றும் குறையாகத் தெரியவில்லை. உனக்குத்தான் தெரிந்திருக்கிறது போல.

இன்னொன்று. எனக்குப் பின்னால் இருக்கும் பவளம் உண்மையில் வெளுத்துப்போனது. கடல் சூடானதில் வெளுத்தது, பாதி செத்துவிட்டது. தினமும் அதைத் தாண்டித்தான் போகிறேன். நீ அதைக் கனகாம்பர நிறத்துக்கு மாற்றிவிட்டாய். இங்கே வருகிற வாடிக்கையாளர்களும் இதைத்தான் செய்கிறார்கள். போனில் விரலை வைத்து இழுத்து இழுத்து, தாங்கள் பார்க்காத கடலை ஊருக்குக் கொண்டுபோகிறார்கள். நீயாவது படித்தவள் என்று நினைத்தேன்.

உன் கையால் நான் வெளுத்தது போதும். இனி என் முகத்தைத் தொடாதே. அப்பா வந்தால் வரட்டும். அன்றைக்கு முழுக்கக் கடலிலேயே இருந்துவிடுகிறேன்.

ஜோதி


காமயகவுண்டன்பட்டி
20 டிசம்பர் 2025, சனி

அக்கா,

'அன்புள்ள' என்று எழுதவில்லை. வேண்டுமென்றேதான்.

உன் கடிதத்தைப் படித்து அரையாண்டுப் பரீட்சைக்கு நடுவே இரண்டு நாள் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. நீ கருத்துப்போனதை நான் குறையாக நினைத்தேன் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு நீ கருத்ததே தெரியாது. யார் எழுதினார்கள் எனக்கு? பார்க்காத ஒன்றை நான் எப்படிச் சரியாகத் திருத்துவேன்? ஞாபகத்தில் இருந்ததை வைத்துத் திருத்தினேன். அது தப்புத்தான். ஆனால் கெட்ட எண்ணம் இல்லை.

நேற்றுக் காலை திராட்சை பார்க்க வியாபாரி சுயம்புலிங்கம் ஜீப்பில் வந்தார். நான் அப்பாவுக்குக் காப்பி கொண்டுபோயிருந்தேன். அப்பா அவரைப் பந்தலுக்குள் கூப்பிட்டார்.

"உள்ள வந்து பாருங்க, கொலையெல்லாம் கருகருன்னு நிக்குது."

"வேல்பாண்டி, பந்தலுக்குள்ள எல்லாக் கொலையும் கருப்பாத்தான் தெரியும். மேல பூராம் பச்ச எலை. ஒண்ண அறுத்து வெளிய கொண்டாங்க."

ஜீப் பானெட்டின் மேல் வியாபாரி தன் தோளில் இருந்த வெள்ளைத் துண்டை விரித்தார். அதன் மேல் குலையை வைத்ததும் அடிப்பக்கத்துப் பழங்கள் இன்னும் செவ்வரி ஓடிக் கிடப்பது பளிச்சென்று தெரிந்தது. "இன்னும் அஞ்சு நாளு கெடக்கட்டும்" என்றார். அப்பாவுக்குக் கோபம்.

"துண்ட வெளுத்தே மூணு மாசம் இருக்கும்போல. அதுல வச்சா எந்தப் பழந்தான் பழமாத் தெரியும்?"

"நேத்துத் தொவச்சதுய்யா, வேணா மோந்து பாருங்க."

காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நான் அப்படியே நின்றுவிட்டேன். எதைக் கண்டுபிடிக்க வேண்டுமோ அதையே, உன் கன்னத்தையே, நான் அளவாக வைத்திருக்கிறேன். வெள்ளை என்று சந்தேகமில்லாமல் தெரிந்த ஒரு பொருள் படத்துக்குள் வேண்டும். அதை வெள்ளையாக்கினால் மற்றதெல்லாம் தன்னால் தன் நிறத்துக்கு வரும்.

நீ முகத்தைத் தொடாதே என்றாய். தொடவில்லை. இன்று லேபில் உன் மூன்றாவது படத்தைத் திறந்தேன். அதில் நீ முழு உருவமாக, ஒரு கையை முன்னால் நீட்டிக்கொண்டு மிதக்கிறாய். இடுப்பில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பலகை தொங்குகிறது. தண்ணீருக்குள் எழுதிக் காட்டுகிற பலகை என்று நினைக்கிறேன். படத்தில் அது வெளிர்நீலம். அது நிஜத்தில் வெள்ளையாகத்தானே இருக்க வேண்டும்? மென்பொருளில், எது வெள்ளை என்று காட்டிக்கொடுக்க, சொட்டு மருந்துக் குழாய் மாதிரி ஒரு குறி இருக்கிறது. அதைப் பலகையின் மேல் வைத்து ஒரே ஒரு முறை அழுத்தினேன்.

படம் மாறியது. தூரத்துக் கடல் நீலமாகவே இருந்தது, பக்கத்தில் இருந்த நீ வெளியே வந்தாய். நீ எழுதியது உண்மை. நல்ல கருப்பு. மூக்கு நுனியில் தோல் உரிந்த இடம் இளஞ்சிவப்பாக இருக்கிறது. பின்னால் பவளம் எலும்பு மாதிரி வெள்ளை. எனக்கு இந்த அக்காவைத் தெரியாது, ஆனால் பார்த்ததும் இது நீதான் என்று தெரிந்தது.

அதற்கு அப்புறம்தான் உன் நீட்டிய கையைப் பார்த்தேன்.

மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை மூன்று கோடுகள். சூடு போட்ட மாதிரி, தடித்து, ரத்தச் சிவப்பாக. நீலப் படத்தில் அவற்றை நான் ஏதோ கயிற்றின் நிழல் என்று நினைத்திருந்தேன். சிவப்பு இல்லாத இடத்தில் சிவப்புக் காயம் எப்படித் தெரியும்? பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு கோட்டின் ஓரத்தில் கொப்புளம்கூட இருக்கிறது.

'ஒரு கீறல்கூடப் பட்டதில்லை என்று அம்மாவிடம் சொல்' என்று எழுதினாய். நான் சொன்னேன், அக்கா. அம்மா இரண்டு முறை கேட்டாள், இரண்டு முறையும் சத்தியமாக என்று சொன்னேன். நீ எதையோ மறைக்கிறாய் என்று அப்பா சொன்னபோது அவரோடு சண்டை போட்டேன். அன்றைக்கு இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

படத்தை இன்னும் யாருக்கும் காட்டவில்லை. என்ன நடந்தது என்று எழுது. இந்த முறை எல்லாவற்றையும் எழுது.

மகாலட்சுமி


ஹேவ்லாக்
29 டிசம்பர் 2025

மகா,

பலகை வெள்ளைதான்.

அக்டோபர் 9-ம் தேதி நடந்தது. பூனாவிலிருந்து வந்த ஒரு அம்மாள். ஐம்பது வயது இருக்கும். மேலே மிதந்துகொண்டிருந்தவருக்குக் மூச்சுக்குழலுக்குள் தண்ணீர் போய்விட்டது. பயந்துபோய் என் கழுத்தைக் கட்டிக்கொண்டார். அலை எங்கள் இரண்டு பேரையும் பாறைப் பக்கம் தள்ளியது. அங்கே தொட்டால் சுடுகிற ஒரு வகைப் பவளம் உண்டு. அவர் முதுகு அதில் மோதப் போனது. கையைக் குறுக்கே விட்டேன். அவ்வளவுதான்.

அவரைப் படகில் ஏற்றிய பிறகுதான் எரிச்சல் தெரிந்தது. எங்கள் சமையற்கட்டில் ரோஸ்லின் என்று ராஞ்சிக்கார அக்கா ஒருத்தி இருக்கிறாள். அவள்தான் வினிகரைக் கொண்டுவந்து கை முழுக்க ஊற்றினாள். ஆஸ்பத்திரிக்கு ஸ்கூட்டியில் கூட்டிப்போனதும் அவள்தான். நான் ஓவென்று அழுதேன். வலியால் இல்லை. அம்மா என்று கத்தினேன், அவள் இந்தியில் ஏதோ சொல்லிக்கொண்டே என் தலையைப் பிடித்துக்கொண்டாள். பத்து நாள் தண்ணீருக்குள் இறங்கவில்லை. முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பூனா அம்மாள் போகும்போது என் பெயரை எழுதி வாங்கிக்கொண்டு போனார்.

போயும் போயும் ஏன் இந்தப் படத்தை அனுப்பினாய் என்று கேட்டாயே. மறுபடி இறங்கிய முதல் வாரம் எடுத்த படங்கள் இவை. அந்த ஒன்றில்தான் கை தெரியவில்லை. மூன்றாவதில் கை இருந்தாலும் காயம் தெரியவில்லை என்று நினைத்துத்தான் கார்டில் போட்டேன். நீ இப்படித் தோண்டுவாய் என்று யாருக்குத் தெரியும்.

இப்போது கெஞ்சிக் கேட்கிறேன். இங்கே வாடிக்கையாளர்கள் முகப்பருவை அழிப்பதைப் பார்த்திருக்கிறேன். பக்கத்துத் தோலை எடுத்து மேலே ஒட்டிவிடுகிறார்கள். அந்த வசதி உன் மென்பொருளிலும் இருக்கும். கையில் இருக்கும் கோட்டை மட்டும் அழி. மற்றதெல்லாம் உண்மையாகவே இருக்கட்டும். கருப்பு, மூக்கு, எல்லாம். அந்தப் படத்தைக் காட்டினால் அம்மா நம்புவாள், அப்பா டிக்கெட்டை ரத்து செய்வார். காயத்தோடு காட்டினால் 24-ம் தேதி வரைகூடப் பொறுக்கமாட்டார், நாளைக்கே கிளம்பிவிடுவார்.

இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது. எனக்கு இந்த வேலை வேண்டும், மகா. இதற்கு மேல் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

ஜோதி


காமயகவுண்டன்பட்டி
11 ஜனவரி 2026, ஞாயிறு

அன்புள்ள அக்கா,

இதை ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன். அப்பா வருவதற்கு முன் உனக்குக் கிடைக்க வேண்டும்.

நீ சொன்னபடி நேற்று லேபில் அழித்துப் பார்த்தேன். அந்தக் கருவி இருக்கிறது. முழங்கைக்கு மேலே நல்ல தோலாக ஒரு துண்டை எடுத்து, கோட்டின் மேல் தேய்த்துக்கொண்டே வந்தேன். சிவப்பைச் சரியாகக் கொண்டுவர எனக்கு ஒன்றரை மாதம் ஆனது. காயத்தை அழிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கை சுத்தமாகிவிட்டது. நன்றாகவே இருந்தது. யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது.

அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அக்டோபர் 9-ம் தேதியே இல்லாமல் போய்விட்டது. நீ கையைக் குறுக்கே விட்டது இல்லை, ரோஸ்லின் அக்கா இல்லை. அதைவிட, அம்மா மூன்றாவது முறையும் கேட்பாள், நான் மூன்றாவது முறையும் சத்தியம் செய்ய வேண்டும். என்னால் முடியாது. கோபித்துக்கொள். சேமிக்காமல் மூடிவிட்டேன்.

காயம் இருக்கிற படத்தையே பிரிண்ட் போட்டேன். வீட்டில் கொடுக்கும்போது உன் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, சத்தமாக, முழுவதும் படித்தேன். அழிக்கச் சொன்னதையும் படித்தேன். அதை மட்டும் விட்டுவிடலாமா என்று நினைத்தேன், விடவில்லை. இதற்கும் நீ கோபித்துக்கொள்ளலாம்.

அம்மா படத்தில் உன் முகத்தைப் பார்க்கவே இல்லை. கையைத்தான் பார்த்தாள். விரலால் அந்த மூன்று கோட்டையும் தடவினாள். நீ அம்மா என்று கத்திய இடம் வந்தபோது முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். முடித்ததும் கேட்டாள், "அந்த ராஞ்சிக்காரிக்குப் பிள்ளைக இருக்கா?"

"தெரியலம்மா."

"கேட்டு எழுது."

அப்பா படத்தை வாங்கினார், கதவுப் பக்கம் போய் வெயிலில் வைத்துப் பார்த்தார்.

"இதுல என்னத்தத் திருத்துன?"

"பலகைய மட்டும் வெள்ளையாக்குனேன்ப்பா. மத்ததெல்லாம் தானா வந்தது."

"கையில ஒண்ணும் பண்ணலையே?"

"இல்லப்பா."

சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. டிக்கெட்டை ரத்து செய்வீர்களா என்று சாப்பிடும்போது கேட்டேன். "பணங் கட்டியாச்சு. போயிப் பாத்துட்டுத்தான் சொல்லுவேன்" என்றார். கூட்டிக்கொண்டு வருவீர்களா என்று கேட்டேன். "பாத்துட்டுத்தான் சொல்லுவேன்னேன்ல" என்றார். எத்தனை முறை கேட்டாலும் இதே பதில்தான். தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஆனால் இன்று காலை ஒன்று நடந்தது. சுயம்புலிங்கம் மறுபடி, அடுத்த பந்தலில் குலை பார்க்க வந்தார். நான் பம்புசெட் பக்கம் துணி அலசிக்கொண்டிருந்தேன், அவர்களுக்குத் தெரியாது. அப்பா பையிலிருந்து படத்தை எடுத்துக் காட்டினார். வியாபாரி கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"மூத்த பிள்ளையா? என்னய்யா கையில இம்புட்டுக் காயம்?"

"வேலையில பட்டது," என்றார் அப்பா. "ஒரு பொம்பளையக் காப்பாத்தப் போயி."

தான் மருந்தடிக்கிறபோது படுவதையும் கொடி வெட்டும் கவாத்துக் கத்தி கிழிப்பதையும் சொல்வாரே, அதே குரலில்தான் சொன்னார். வியாபாரி ஏதோ கேட்டார், எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. அப்பா கிணற்றைக் கை காட்டினார். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. இதை வைத்து நீ அதிகமாக நம்பிவிடாதே. நானும் நம்பாமல் இருக்கத்தான் முயற்சி செய்கிறேன்.

இன்னொரு செய்தி. அம்மாவும் வருகிறாள். நேற்று ராத்திரிதான் சொன்னாள். அப்பா இன்று கம்பம் போய் அவளுக்கும் டிக்கெட் போட்டுவிட்டு வந்தார். விமானத்தில் நார்த்தங்காய் ஊறுகாய் விடுவார்களா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். ஒரு பாட்டில் உனக்கு, ஒன்று ரோஸ்லின் அக்காவுக்கு. எனக்கு 22-ம் தேதியிலிருந்து திருப்புதல் தேர்வு. நான் மூக்கம்மாள் பெரியம்மா வீட்டில் இருக்க வேண்டுமாம். இத்தனையும் செய்தவள் நான், கடலைப் பார்க்கப் போவது அவர்கள் இரண்டு பேரும். இதை எழுதும்போது எனக்கு வயிறு எரிகிறது, அதை உன்னிடம் மறைக்கவில்லை.

முதலாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிடு, அப்பா அம்மா பார்க்க வருகிறார்கள் என்று. யாரும் சொல்லாமல் வந்தால்தான் அவர் பயப்படுவார். 25-ம் தேதி நீ கடலில் போய் ஒளிந்துகொள்ளவும் வேண்டாம். படகுத்துறைக்கு வந்து நில். அப்பா கப்பலிலிருந்து இறங்கியதும் முதலில் உன் கையைத்தான் பார்ப்பார். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு நிற்காதே.

மகாலட்சுமி